இருள் நாடுகளில் ஒரு வில்லை: சூமா, பிறைமா?

புலம்பெயர்ந்து வாழும் எமது குடும்பங்களில் கமெரா இல்லாத வீடு அரிது. கைத்தொலைபேசிகள் பெருகிவிட்ட பின்னரும், பிள்ளையின் முதலாவது பிறந்தநாளையோ மகளின் சாமத்தியச் சடங்கையோ முன்னிட்டு, மாதச் செலவில் மிச்சம் பிடித்து நல்ல கமெரா ஒன்றை வாங்கும் வழக்கம் எம்மிடையே நின்றுவிடவில்லை. ஆயினும் கமெராவைத் தெரிந்தெடுப்பதில் காட்டும் அக்கறையில் பாதியையேனும் அதன் முன்னே பொருத்தப்படும் வில்லையில், அதாவது கடையில் லென்ஸ் என்று கேட்டு வாங்கும் பொருளில், எம்மவர் காட்டுவதில்லை. பெட்டியோடு கூட வந்த சூம் வில்லையே எல்லாவற்றிற்கும் போதும் என்பர் ஒரு சாரார். அதைக் கழற்றி வைத்துவிட்டுப் பிறைம் வில்லையை வாங்கினால்தான் நீ படப்பிடிப்பாளன் என்பர் மறுசாரார். இவ்விரு கூற்றுகளுமே எம்மவர் எங்கே, எத்தகைய வீட்டில், எந்த வெளிச்சத்தில் வாழ்கின்றனர் என்பதைக் கருத்திற் கொள்ளாதவை. வில்லையைப் பற்றிய விவாதத்தை அங்கிருந்தே தொடங்க வேண்டும் என்பது எமது கருத்து.

முதலில் சொற்களைத் தெளிவுபடுத்திக் கொள்வோம். ஒரு வில்லையின் குவியத் தூரம் மில்லிமீற்றரில் குறிக்கப்படும். அந்த எண் சிறிதாயின் பரந்த காட்சி கிடைக்கும். பெரிதாயின் தூரத்துப் பொருள் அருகில் வரும். வளையத்தைத் திருப்பி 18 மி.மீ. இலிருந்து 55 மி.மீ. வரை மாற்றக் கூடியது சூம் வில்லை. ஒரே தூரத்தில் நிலைத்து நிற்பது பிறைம் வில்லை. இவ்வளவும் பலர் அறிந்ததே. பலர் கவனியாது விடுவது வில்லையின் முகத்தில் அச்சிடப்பட்டிருக்கும் இரண்டாவது எண்ணை. எஃப் 1.8, எஃப் 3.5, எஃப் 5.6 என்று வருகின்ற அந்த எண், துவாரம் அதிகபட்சம் எவ்வளவு திறக்கும் என்பதைச் சொல்கிறது. எண் சிறிதாக இருந்தால் துவாரம் பெரிது, ஒளி அதிகம். உள்ளே வரும் ஒளியோ இந்த எண்களின் விகிதத்தில் அன்றி, அவற்றின் வர்க்கத்தின் விகிதத்தில் மாறுகிறது. பெட்டியோடு வரும் 18-55 மி.மீ. சூம் வில்லையை 55 மி.மீ. முனைக்குத் திருப்பினால் அதன் துவாரம் பெரும்பாலும் எஃப் 5.6க்கு மேல் திறவாது. 50 மி.மீ. எஃப் 1.8 பிறைம் வில்லை அதைவிட ஒன்பது மடங்கிற்கும் அதிகமான ஒளியை உள்ளே விடும். சூம் வில்லையை அகன்ற முனையில், எஃப் 3.5இல் வைத்தாலும்கூட இடைவெளி ஏறக்குறைய நான்கு மடங்கு.

ஒளியைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறோம்? யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே பத்துப் பாகைக்குள் உள்ளது. அங்கே மார்கழி மாதத்திலும் பகல் பதினொன்றரை மணித்தியாலத்திற்குக் குறையாது. இலண்டனில் அதே நாட்களில் பகற்பொழுது எட்டு மணித்தியாலமும் இல்லை. ஒஸ்லோவில் ஆறுக்கும் குறைவு. ரொறன்ரோவில் ஒன்பதை எட்டாது. பிள்ளைகள் பாடசாலையால் வந்து சப்பாத்தைக் கழற்றும்போதே வெளியே இருண்டுவிடுகிறது. ஊரில் முற்றத்திலும் விறாந்தையிலும் நடந்த வாழ்க்கை, இந்நாடுகளில் ஐப்பசி முடிவிலிருந்து மாசி வரை மின்குமிழின் கீழ் நடக்கிறது. பேத்தியை மடியில் வைத்துச் சோறு ஊட்டுவது, பிள்ளை முதல் அடி எடுத்து வைப்பது, அம்மம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடிதம் படிப்பது என்று படமெடுக்கத் தக்கவை யாவும் வரவேற்பறையின் மங்கல் வெளிச்சத்துக்குள் வந்துவிட்டன. கமெராவின் கையேட்டை எழுதியவர் வெயிலில் நிற்கும் குடும்பத்தை மனத்திற் கொண்டு எழுதியிருப்பார் போலும்.

இதை எண்ணில் வைத்துப் பார்க்கலாம். இரவு மின்குமிழ் எரியும் சாதாரண வரவேற்பறை ஒன்றில், கமெராவின் ஒளியுணர்திறனை ஐஎஸ்ஓ 3200க்கு உயர்த்திய பின்னரும், எஃப் 5.6 துவாரத்துக்கு 1/30 விநாடியளவு ஷட்டர் நேரம் தேவைப்படும். அந்த நேரத்துக்குள் நடக்கப் பழகும் குழந்தையின் கை ஒரு மங்கல் கோடாகிவிடும். அதே அறையில் எஃப் 1.8 எனில் ஏறக்குறைய 1/300 விநாடி போதும். கை கையாகவே படத்தில் பதியும். சூம் வில்லைகள் பலவற்றில் கை நடுக்கத்தைத் தணிக்கும் பொறிமுறை இருப்பதால் இந்தக் குறை நீங்கிவிடுகிறது என்று கடைக்காரர் சொல்வர். அந்தப் பொறிமுறை படமெடுப்பவரின் நடுக்கத்தைத் தணிக்குமேயன்றிப் படத்தில் இருப்பவரின் அசைவை நிறுத்தாது. தூங்கும் குழந்தைக்கு அது உதவும். விழித்த குழந்தைக்கு உதவாது.

பிளாஷ் இருக்கிறதே எனலாம். கமெராவின் தலையிலுள்ள சிறு பிளாஷ் முகத்தை வெளுத்து, பின்சுவரில் கரிய நிழலை விழுத்தி, அறையின் வெளிச்சத்தை முற்றாக அழித்துவிடுகிறது. வெள்ளைக் கூரையை நோக்கி வெளிச்சத்தை எறிந்து திருப்பும் தனி பிளாஷ் நல்லதே. ஆனால் அதுவும் இன்னொரு செலவு. கூரை உயர்ந்த, மரம் பதித்த வாடகை மண்டபங்களில் அதற்குத் திரும்பிவர வெள்ளைக் கூரை கிடைப்பதுமில்லை.

இந்தப் படங்கள் யாருக்காக எடுக்கப்படுகின்றன என்பதையும் நினைக்க வேண்டும். புகலிட மனு முடிவாகாதவர் ஊருக்குப் போக முடியாது. ஊரிலிருக்கும் தாய்க்கு விசா மறுக்கப்பட்டால் அவரும் இங்கு வர முடியாது. பேரப்பிள்ளை பிறந்து ஐந்தாறு வருடங்கள் கழிந்தும் படத்தில் மட்டுமே அறிந்திருக்கும் பாட்டனார்கள் எம்மிடையே ஒருவர் இருவர் அல்லர். அத்தகைய ஒருவர் படத்தைக் கையில் எடுத்ததும் தேடுவது பிள்ளையின் கண்ணையும் மூக்கையும். யாருடைய சாயல் என்பதை. பின்னாலிருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியை அவர் தேடுவதில்லை. மறுபுறம், 1995 ஒக்ரோபர் 30 அன்று வலிகாமத்து மக்கள் ஓரிரவில் வீடுகளை விட்டுப் புறப்பட்டபோது எத்தனையோ குடும்பங்களின் அல்பங்கள் அலுமாரிகளிலேயே தங்கிவிட்டன. பழைய படங்கள் இல்லாத குடும்பத்துக்கு இன்று எடுக்கப்படுவதே முதற் படம். மங்கிப்போன முகத்தோடு அதை வைத்திருப்பதா என்ற கேள்வி எமக்குச் சிறிய கேள்வியாகத் தோன்றவில்லை.

இதுவரை வாசித்தவர்கள் நாம் பிறைம் வில்லைக்கு வக்காலத்து வாங்குகிறோம் என்று முடிவுகட்டியிருப்பர். பாதி உண்மை. மறுபாதியைச் சொல்லுமுன் சிறிது வரலாறு.

லைக்கா கமெரா 1925இல் சந்தைக்கு வந்தபோது அதில் இருந்தது 50 மி.மீ. வில்லை ஒன்று. 24க்கு 36 மி.மீ. படச்சட்டத்தின் மூலைவிட்டம் ஏறத்தாழ 43 மி.மீ. அதற்கு அண்மித்த குவியத் தூரம் இயல்பான பார்வையைத் தரும் என்பதால் 50 மி.மீ. நிலைபெற்றது. 1970களில் கமெரா வாங்கியோருக்கு அவ்வில்லை பெரும்பாலும் கூடவே வந்தது. அக்காலத்து எளிய கமெராவில் எடுக்கப்பட்ட வீட்டுப் படங்கள் இன்றைய பெட்டிச் சூமின் படங்களைவிடச் சில வேளைகளில் நன்றாகத் தோன்றுவதற்கு அவ்வில்லையின் பெரிய துவாரமும் ஒரு காரணம். 35 மி.மீ. நிழற்படக் கமெராவுக்கென முதன்முதல் விற்பனைக்கு வந்த சூம் வில்லை, ஜேர்மனியின் வொய்க்லாந்தர் நிறுவனம் 1959இல் வெளியிட்ட சூமார். 36 முதல் 82 மி.மீ. வரை, எஃப் 2.8. அதை வடிவமைத்த பிராங்க் பக் வியன்னாவில் 1902இல் பிறந்தவர். 1938இல் ஆஸ்திரியாவை ஹிட்லரின் ஜேர்மனி விழுங்கிய பின்னர் நாட்டைவிட்டு வெளியேறி அமெரிக்காவில் குடியேறியவர். இன்று உலகெங்கும் கைகளில் சுழலும் அந்த வளையத்தின் பின்னே எம்மைப் போல நாடு விட்டு நாடு போன ஒருவர் இருந்தார் என்பதை இப்பத்திரிகையின் வாசகர்கள் அறிந்திருப்பது தகும். ஆரம்பகாலச் சூம் வில்லைகள் பல கூர்மை குன்றியவை, நேர்கோட்டை வளைப்பவை. நிக்கொன் 1963இல் வெளியிட்ட 43-86 மி.மீ. வில்லை அந்தக் குறைக்காகவே பெயர் பெற்றது. சூம் என்றால் தெளிவில்லை என்று முதியவர்கள் இன்றும் கூறுவது அக்காலத்தின் எச்சம். கனொன் 2012இல் வெளியிட்ட 24-70 மி.மீ. எஃப் 2.8 வில்லையின் உள்ளே 18 கண்ணாடித் துண்டுகள் இருக்கின்றன. அதன் தெளிவைக் குறை கூற எவராலும் இயலாது. ஆனால் அதன் நிறை 805 கிராம். அதே நிறுவனம் 1990இல் வெளியிட்ட 50 மி.மீ. எஃப் 1.8 வில்லையில் ஆறே கண்ணாடிகள், நிறை 130 கிராம். விலையும் பல மடங்கு குறைவு. ஆறு கண்ணாடிகள் செய்யும் வேலையை எல்லாக் குவியத் தூரங்களிலும் செய்யவே மீதிப் பன்னிரண்டும் தேவைப்படுகின்றன என்று இதை விளங்கிக் கொள்ளலாம்.

இனி மறுபாதி. பிறைம் வில்லையைப் போற்றுவோர் சொல்லும் வழமையான அறிவுரை, கால்களையே சூமாகப் பயன்படுத்து, முன்னே போ, பின்னே வா என்பது. இந்த அறிவுரையைக் கூறியவர் வீட்டில் நிறைய இடம் இருந்திருக்க வேண்டும். அகதி முகாமின் பகிர்ந்த அறையிலோ மாடிக் குடியிருப்பின் சிறு வரவேற்பறையிலோ பின்னே வருவதற்குச் சுவர் இடம் கொடாது. கணக்கிட்டுப் பார்ப்போம். விலை குறைந்த கமெராக்களில் உள்ள ஒளியுணரி ஏறத்தாழ 16க்கு 24 மி.மீ. அளவுடையது. அதில் 50 மி.மீ. வில்லையைப் பொருத்தினால் அது பழைய படச்சுருள் கமெராவில் 75 அல்லது 80 மி.மீ. வில்லை போன்று இயங்கும். நான்கு மீற்றர் தூரத்தில் நின்றாலும் படத்தின் அகலத்துக்குள் இரண்டு மீற்றர்கூட அடங்காது. மூவர் நெருங்கி நிற்கலாம். அதே இடத்திலிருந்து பெட்டிச் சூமின் 18 மி.மீ. முனையில் ஐந்து மீற்றருக்கு மேல் அடங்கும். பெரிய தந்தை, சித்தி, மருமக்கள் என அனைவரும் வருவர். கடையில் நிற்பவர் 50 எஃப் 1.8ஐ எல்லோருக்கும் பரிந்துரைப்பார். சிறிய ஒளியுணரியும் சிறிய அறையும் உள்ளவர்களுக்கு அது தவறான பரிந்துரை. அவர்களுக்குப் பொருந்துவது 35 மி.மீ. எஃப் 1.8, இடம் மிகக் குறைவெனில் 28 அல்லது 24. ஒளியுணரி படச்சுருளின் அளவேயுள்ள கமெராவை வைத்திருப்போருக்கு 40 அல்லது 50 மி.மீ. வீட்டுக்குள் ஒத்துவரும்.

பெரிய துவாரத்திற்கும் ஒரு விலை உண்டு. படச்சுருள் அளவுள்ள கமெராவில் 50 மி.மீ. வில்லையை எஃப் 1.8இல் திறந்து ஒன்றரை மீற்றர் தூரத்தில் இருக்கும் முகத்தைக் குவித்தால், முன்னும் பின்னுமாகத் தெளிவாக வரும் ஆழம் ஏறத்தாழ 10 சென்ரிமீற்றர் மட்டுமே. ஒரு முகத்துக்கு அது போதும்; கண்கள் கூர்மையாக, பின்னணி கரைந்து நிற்கும். தாயின் தோளில் சாய்ந்த பிள்ளைக்கு அது போதாது: தாயின் முகம் தெளிந்தால் பிள்ளையின் முகம் மங்கும். அத்தகைய வேளையில் துவாரத்தை எஃப் 2.8 அல்லது 4க்குச் சுருக்க வேண்டும். இரண்டு மூன்று வரிசையில் உறவினர் நிற்கும் கூட்டுப் படத்துக்கு 5.6 வரை போக நேரலாம். அந்த இடத்தில் பிறைமுக்கும் சூமுக்கும் இடையே ஒளியில் வேறுபாடு எதுவும் எஞ்சாது. கூட்டுப் படம் எடுப்பதே முதன்மை நோக்கமானால் பெட்டிச் சூமும் ஒரு தனி பிளாஷும் போதும். மேலதிகப் பணத்தைச் செலவழிக்க வேண்டாம் என்றே சொல்வோம்.

திருமணமும் சாமத்தியச் சடங்கும் வேறு வகை. கெட்டிமேளம் முழங்கித் தாலி ஏறும் கணம் சில விநாடிகளே. அந்நேரம் மணமேடையைச் சுற்றி உறவினர் நெருக்கி நிற்க, கமெராக்காரர் ஐயருக்கும் மாமன்மாருக்கும் இடையே கிடைத்த ஓர் இடத்தில் நிற்பார். அவரால் முன்னே போகவும் முடியாது, பின்னே வரவும் முடியாது, வில்லையைக் கழற்றி மாற்றவும் முடியாது. கார்ட்டியே பிரெசோன் 50 மி.மீ. வில்லையைக் கொண்டே தம் படங்களில் பெரும்பாலானவற்றை எடுத்தார் என்பது உண்மை. எனினும் இருபது உறவினரின் தலைகளுக்கு மேலாகத் தாலி முடிச்சை எடுத்துத் தரும்படி அவரிடம் எவரும் கேட்டிருக்க மாட்டார்கள். இங்கே 24-70 மி.மீ. எஃப் 2.8 போன்ற சூம் வில்லைக்கு நிகரில்லை. ஆயினும் அது தொழிலாகச் செய்வோர் வாங்க வேண்டிய பொருள். வாழ்வில் ஓரிரு முறை வரும் நாளுக்காக அதைத் தவணை முறையில் வாங்கிக் கடன்படுவதைவிட, அந்த ஒரு நாளுக்குத் தொழில்முறைப் படப்பிடிப்பாளரை அமர்த்துவது மேல்.

அரங்கேற்றத்தில் சிக்கல் இன்னும் கூடுகிறது. ஆடும் பிள்ளை அசைந்துகொண்டே இருப்பாள். ஷட்டர் 1/250 விநாடிக்கு மெதுவாகக் கூடாது. தந்தையோ பதினைந்து மீற்றர் தள்ளி அமர்ந்திருப்பார். அவ்வளவு தூரத்திலிருந்து, படச்சுருள் அளவுள்ள கமெராவை நெடுக்கப் பிடித்து, ஆடலின் முழு உருவத்தை நிரப்ப 200 மி.மீ. தேவை. 70-200 எஃப் 2.8 சூம் வில்லைகள் பல, ஒன்றரைக் கிலோ அளவு நிறையும் அதற்கேற்ற விலையும் உடையவை. மலிவான மாற்று வழி ஒன்று உண்டு: விழா நடத்துவோரிடம் முன்கூட்டியே கேட்டு, மேடையிலிருந்து ஆறு மீற்றர் தூரத்தில் ஓரத்து இருக்கை ஒன்றைப் பெற்றுக்கொண்டு 85 மி.மீ. எஃப் 1.8 வில்லையைப் பயன்படுத்துவது. எஃப் 2.8ஐவிட இரண்டு மடங்குக்கு மேல் ஒளி கிடைக்கும். ஆனால் ஆடுபவர் மேடையின் மறுகோடிக்குப் போனால் உருவம் சிறுத்துவிடும். அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதுதான். நடுவே எழுந்து நடந்து பிறர் பார்வையை மறைக்கும் தந்தையரைப் பற்றி நாம் இங்கு எதுவும் எழுதப் போவதில்லை.

நெருங்கிச் செல்வதும் சூமைத் திருப்புவதும் ஒன்றல்ல என்பதையும் இவ்விடத்தில் கூறிவிட வேண்டும். முகத்தின் தோற்றத்தைத் தீர்மானிப்பது குவியத் தூரமன்று. கமெராவுக்கும் முகத்துக்கும் இடையிலான தூரம். ஓரடி தூரத்தில் நின்று எடுத்தால் மூக்குப் பெருத்துக் காதுகள் பின்னே ஒதுங்கும். ஒன்றரை, இரண்டு மீற்றர் தள்ளி நின்றால் முகம் நாம் அறிந்த முகமாகவே வரும். கைத்தொலைபேசியை முகத்தருகே நீட்டி எடுத்த படங்களில் எம்மவர் முகங்கள் அந்நியமாகத் தோன்றுவதன் காரணம் இதுவே. தொலைபேசியின் முதுகில் மூன்று கண்கள் இருப்பின் அவை பெரும்பாலும் மூன்று பிறைம் வில்லைகள். இடையிலுள்ள அளவுகளுக்கு விரல்களால் விரிக்கும்போது நடப்பது பெரும்பாலும் படத்தை வெட்டிப் பெருப்பிப்பது மட்டுமே. எனவே முகத்தைப் படமெடுக்கையில் விரிப்பதற்குப் பதில் இரண்டாம் கண்ணைத் தெரிந்து, இரண்டடி பின்னே வாருங்கள். கமெரா வாங்க வசதியில்லாதவருக்கும் இது செலவின்றிக் கிடைக்கும் பயன்.

ஆகவே வீட்டில் ஏற்கெனவே பெட்டிச் சூம் இருக்கிறதெனில் அதை விற்க வேண்டாம். வெயிற்காலத்துக்கும் பயணத்துக்கும் கூட்டுப் படத்துக்கும் அது உழைக்கும். அதனோடு சேர்க்க வேண்டிய முதலாவது வில்லை, அறையின் அளவுக்கேற்ற பெரிய துவாரப் பிறைம் ஒன்று. இரண்டாவது சூமை, அதிலும் எஃப் 5.6க்கு மேல் திறவாத 70-300 போன்றதை, தூரத்தைக் கிட்டக் காட்டும் என்ற ஆசையால் வாங்குவோரே எம்மிடையே அதிகம். பனிக்காலம் முழுவதும் அது பைக்குள்ளேயே கிடக்கும்.

பழைய வில்லை வாங்குவோர் சிலவற்றைக் கவனிக்க வேண்டும். வில்லையின் இருபுற மூடியையும் கழற்றி, துவாரத்தை முற்றாகத் திறந்து, மின்குமிழை நோக்கிப் பிடித்துப் பாருங்கள். சிலந்தி வலை போன்ற இழைகள் தெரிந்தால் அது பூஞ்சணம், வாங்க வேண்டாம். சிறு தூசு பாதிப்பதில்லை. வில்லை உங்கள் கமெராவுக்குப் பொருந்துமா என்பதைக் கேட்டறிவது அதைவிட முக்கியம். நிக்கொனின் பழைய 50 மி.மீ. டி வகை வில்லை மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் டி3000, டி5000 வரிசைக் கமெராக்களில் மோட்டார் இல்லாமையால் தானாகக் குவியாது, கையாலேயே குவிக்க நேரும். கனொனின் ஈஎஃப் வில்லைகளைப் புதிய ஆர் வரிசைக் கமெராவில் பொருத்த இணைப்பு வளையம் தேவை. அதனோடு தானியக்கக் குவிவு தடையின்றி வேலை செய்யும்.

எந்தக் குவியத் தூரம் உங்களுக்கு ஏற்றது என்பதை அறியப் பணம் செலவழிக்கத் தேவையில்லை. நீங்கள் எடுத்த ஒவ்வொரு படத்தினுள்ளும் அது எந்த மில்லிமீற்றரில் எடுக்கப்பட்டது என்பதைக் கமெரா எழுதி வைத்திருக்கிறது; கணினியில் படத்தின் விபரத்தைத் திறந்தால் தெரியும். கடந்த பனிக்காலத்துப் படங்களில் வீட்டுக்குள் எடுத்தவற்றை மட்டும் பிரித்து, எந்த எண் அடிக்கடி வருகிறது என்று பாருங்கள். பின்னர் சூம் வளையத்தை அந்த எண்ணில் நிறுத்தி, மேலே ஒட்டுநாடா ஒன்றை ஒட்டி, ஒரு கிழமை அப்படியே படமெடுத்துப் பாருங்கள். எத்தனை தடவை கை அந்த வளையத்தைத் தேடிப் போனது, எத்தனை தடவை சுவர் முதுகில் இடித்தது என்பதைக் கணக்கிட்டுக்கொண்டு கடைக்குப் போகலாம்.